சுண்டுவிரலில் ஓர் அரைப்புள்ளி

காலை ஆறு மணிக்கே அந்த மாடியிலிருந்து சத்தம் கிளம்பிவிடும். கீழே மளிகைக்கடை, மேலே டைப் இன்ஸ்டிடியூட். பன்னிரண்டு மெஷின்களும் சேர்ந்து ஓடினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல இருக்கும். 1984-ல் பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நின்ற பையன்களை அவர்களுடைய அப்பாக்கள் கொண்டுவந்து விட்ட இடம் அது. அவனும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தான். மாதம் 15 ரூபாய். ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட் என்று மூன்று ஜாதி மெஷின்கள். புதுசாகச் சேர்ந்தவனுக்குக் கிடைப்பது எப்போதும் கிழட்டு ரெமிங்டன்தான்.

முதல் பாடத்தைத் தமிழ்நாட்டில் டைப் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இடது கைக்கு ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். வலது கைக்கு செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. மாஸ்டர் பிரம்பால் மேஜையில் தட்டித் தாளம் போட, பையன்கள் அதற்கேற்ப அடிக்க வேண்டும். எட்டு விரல்கள் இளைப்பாறும் எட்டு விசைகளில் ஏழு எழுத்துகள், ஒன்றே ஒன்று குறி. அந்தக் குறி வலது சுண்டுவிரலுக்கு வாய்த்தது.

சுண்டுவிரலுக்கோ பலம் போதாது. மெதுவாகத் தட்டினால் தாளில் மேல்புள்ளி மட்டும் லேசாக விழும். ஆத்திரத்தில் ஓங்கித் தட்டினால் புள்ளி தாளைத் துளைத்துவிடும்; வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சல்லடை. ஒரு தாளுக்கு நூறு செமிகோலனுக்குக் குறையாது. முதல் மாதம் முடிவதற்குள் சில ஆயிரம் அடித்திருப்பான். ஆங்கிலத்தில் அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட முதல் நிறுத்தற்குறி அதுதான் என்று சொல்லலாம். எதற்கு என்பதுதான் தெரியாது.

ஒருநாள் கேட்டேவிட்டான்.

"மாஸ்டர், இந்தக் குறி எதுக்கு?"

"லோயர் பாஸ் பண்றதுக்கு."

லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. பரீட்சையில் ஒரு குறி விட்டுப்போனாலும் பிழைதான். கமாவுக்கும் செமிகோலனுக்கும் பிறகு ஒரு இடைவெளி, முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு. இதற்குமேல் இலக்கணம் எதுவும் அந்த மாடியில் கிடையாது. அவன் இரண்டும் பாஸ் செய்தான். சுருக்கெழுத்தும் முடித்தான். பிட்மேன் முறையில் முற்றுப்புள்ளிக்கு ஒரு குட்டிப் பெருக்கல் குறி போடுவார்கள். செமிகோலன் தன் சொந்த உருவத்திலேயே நிற்கும். சந்தேகமாக இருந்த இடத்திலெல்லாம் அவன் பெருக்கல் குறி போட்டுத் தப்பித்துக்கொண்டான்.

தப்பிக்க முடியாத இடத்துக்கு 1987-ல் வந்து சேர்ந்தான். சென்னை தம்புசெட்டித் தெருவில், உயர்நீதிமன்றத்துக்கு நடந்துபோகிற தூரத்தில், ஒரு சிவில் வக்கீலின் ஆபீஸ். வேலை ஸ்டெனோ. மரப்படி, பழுப்பேறிய கட்டுகள், மூலையில் மண்பானைத் தண்ணீர். சீனியருக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது. அவர் டிக்டேஷன் கொடுப்பதைக் கேட்கவே இரண்டு பேர் வாசலில் நிற்பார்கள். குறிகளையும் வாய்விட்டுச் சொல்லுவார். "தி ப்ளெயிண்டிஃப் கமா பீயிங் தி எல்டர் சன் கமா இஸ் இன் பொசெஷன் செமிகோலன்" என்று அவர் போகும்போது, கமாவுக்குக் குரல் லேசாக வளையும். செமிகோலனுக்குக் குரல் நின்று, ஆனால் இறங்காமல், காற்றில் தொங்கும். அந்தத் தொங்கலைக் காதால் பிடித்துக்கொண்டவன், அதுதான் விஷயம் என்று நினைத்துவிட்டான். பெரிய மூச்சு எடுக்கும் இடமெல்லாம் செமிகோலன்.

அந்த நினைப்புக்கு அவன் மட்டும் பொறுப்பில்லை. பள்ளிக்கூடத்தில் கையில் இருந்த ரென் அண்ட் மார்ட்டினும் அதைக் கமாவைவிடக் கனமான நிறுத்தம் என்றுதான் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்னோடியான லிண்ட்லி மரே 1795-ல் வெளியிட்ட ஆங்கில இலக்கணம் கணக்கே போட்டுக் கொடுத்தது: கமாவைப்போல இரு மடங்கு செமிகோலன், அதைப்போல இரு மடங்கு கோலன், அதைப்போல இரு மடங்கு முற்றுப்புள்ளி. தமிழில் வைத்த பெயர்களும் அளவுப் பெயர்கள்தான். கால்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. மரேயின் கணக்கு ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகும். நம்முடையது கால் காலாக ஏறும். காய்கறிக்கடைத் தராசு மாதிரி எவ்வளவு அழகான பெயர்கள்! ஆனால் எங்கே அரை, எங்கே கால் என்று அந்தப் பெயர்கள் சொல்லாது. மூச்சு ஆளுக்கு ஆள் வேறு. ஆஸ்துமாக்காரன் எழுதினால் பக்கம் முழுக்கச் செமிகோலன் ஆகிவிடும்.

சாயம் வெளுத்தது ஒரு லீவு லெட்டரில். அவனுக்கு நிஜமாகவே காய்ச்சல். படுத்துக்கொண்டே எழுதி, அறைத்தோழனிடம் கொடுத்தனுப்பினான். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் மனப்பாடமான வாக்கியம்தான்: "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்; ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்." ஃபீவருக்குப் பிறகு மரியாதைக்கு ஒரு செமிகோலன். மூன்றாம் நாள் ஆபீஸுக்குப் போனபோது லெட்டர் அவன் மெஷின் மேல் இருந்தது. செமிகோலனைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"காய்ச்சல் விட்டுடுச்சா தம்பி?"

"விட்டுடுச்சு சார்."

"இது விடலையே. இதைச் சரி பண்ணுவோம், உட்காரு."

சீனியர் அன்று சொல்லிக்கொடுத்த முறைக்கு ஒரு உள்ளங்கை போதும். செமிகோலனுக்கு வலப்பக்கம் இருப்பதைக் கையால் மூடு. இடப்பக்கத்தை மட்டும் படி. அது தனியாக நிற்கிறதா? பிறகு இடப்பக்கத்தை மூடி வலதைப் படி. அதுவும் நிற்கிறதா? இரண்டும் தன் காலில் நின்றால், இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவேண்டும் என்று நீயும் நினைத்தால், நடுவில் செமிகோலன். "எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்" என்று ஒருவன் தெருவில் நின்று சொன்னால் "இருப்பதால்?" என்று நாம் திருப்பிக் கேட்போம் அல்லவா, அது நிற்கவில்லை. அங்கே கமா போதும்.

"ஒண்டுக் குடித்தனம் பார்த்திருக்கியா?" என்று கேட்டார். பார்ப்பதென்ன, மண்ணடியில் அவன் இருந்ததே அதில்தான். "ரெண்டு குடும்பம். தனித்தனி அடுப்பு, தனித்தனி பூட்டு. ஆனா முற்றம் ஒண்ணு. அதான் செமிகோலன். அடுப்பே இல்லாதவனைக் கொண்டுபோய் அங்கே குடிவைக்கக்கூடாது."

அடுத்த வாரம் ‘ஹவெவர்’ வந்தது. "தி ட்ரெயின் வாஸ் லேட், ஹவெவர், ஹி ரீச்டு தி கோர்ட்" என்று அவன் அடித்திருந்ததில் லேட்டுக்குப் பிறகு இருந்த கமா அடிபட்டு செமிகோலன் ஆயிற்று. ‘பட்’, ‘அண்ட்’ ஆகியவை இரண்டு வாக்கியங்களைக் கைகோத்து நிறுத்தக்கூடிய சொற்கள். அவற்றுக்கு முன் கமா இருந்தால் போதும். ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’, ‘மோர்ஓவர்’ ஆகியவற்றைப் பார்த்தால் அதே வேலை செய்வதுபோலத் தோன்றும், ஆனால் செய்யாது. அவை கூட வருகிற உறவினர்கள். கட்டிப்போடுகிற வேலையைச் செமிகோலன்தான் செய்யவேண்டும். ஹவெவருக்கு முன்னால் அது, பின்னால் ஒரு கமா. இதைக் கற்ற சூட்டில் அவன் ஹவெவரைக் கண்ட இடத்திலெல்லாம் செமிகோலன் போட்டு இன்னொரு சிவப்பு வட்டம் வாங்கினான். ஒரே வாக்கியத்தின் நடுவில் சும்மா செருகப்பட்ட ஹவெவருக்கு இரு பக்கமும் கமா போதுமாம்.

ஏன் இந்தத் தவறு தனக்கு இவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவன் பல வருஷம் யோசித்திருக்கிறான். ஆங்கிலத்தில் இதற்கு கமா ஸ்ப்ளைஸ் என்று பெயர்: நிற்கத் தெரிந்த இரண்டு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டிவிடுவது. "ஐ வெண்ட் டு தி பேங்க், இட் வாஸ் க்ளோஸ்டு." நம் ஆபீஸ் கடிதங்களில் பாதி இப்படித்தான் ஒட்டுப்போட்டு ஓடுகின்றன. காரணம் தாய்மொழியில் இருக்கிறது என்பது அவன் கட்சி. தமிழ் இரண்டு செயல்களைச் சேர்க்க வினையெச்சம் வைத்திருக்கிறது. ‘போய், பார்த்து, வாங்கி, வந்தான்’ என்றால் கடைசியில் ஒரே ஒரு முற்றுவினை. முன்னால் உள்ளவை எல்லாம் அதை நோக்கிச் சாய்ந்து நிற்கும். நாலு பேர் ஒரு சைக்கிளில் போவதுபோல. குறி எதுவும் இல்லாமலே கேட்பவருக்கு எங்கே முடிகிறது என்று தெரியும். ஆங்கிலத்தில் வினைகள் பெரும்பாலும் ஆளுக்கொரு சைக்கிளில் வருகின்றன. அவற்றை எப்படிச் சேர்ப்பது என்ற கவலை அங்கே குறியின் தலையில் விழுகிறது. தமிழ் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் கவலை லேசில் வராது.

ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகள் எதுவும் இல்லாமல் எத்தனையோ நூற்றாண்டுகள் ஓடின. அச்சு வந்த பிறகுதான், 19-ஆம் நூற்றாண்டில், தமிழ் உரைநடைக்குள் இவை குடியேறின. அதைப் பரப்பியவர்களில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெயரை முதலில் சொல்வது வழக்கம். விருந்தாளியாக வந்த அரைப்புள்ளிக்கு நம் வீட்டில் பெரிய வேலை கிடைக்கவில்லை. ஆனால் மரியாதையாகத் திண்ணையில் உட்காரவைத்திருக்கிறோம்.

வக்கீல் ஆபீஸில் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதில்தான் பணம் புழங்கியது. பட்டியல்.

பிராதுகளின் கடைசியில் என்னென்ன நிவாரணம் கேட்கிறோம் என்று ஏ, பி, சி போட்டு அடிப்பார்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் செமிகோலன். கடைசிக்கு முந்தியதில் செமிகோலனுக்குப் பிறகு ஒரு ‘அண்ட்’ அல்லது ஒரு ‘ஆர்’. அந்த ஒற்றைச் சொல் மேலே இருக்கும் அத்தனை வரிகளுக்கும் பொருந்தும் என்பது தொழில் வழக்கம். எல்லாம் வேண்டுமா, ஏதாவது ஒன்று போதுமா என்பது அங்கே தீர்மானமாகிறது. புதிதாக வந்த ஜூனியர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். சீனியரின் கண் நேராக அந்தச் சொல்லுக்குத்தான் போகும்.

பட்டியலில் செமிகோலன் ஏன் என்பதற்கு நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பக்கம் போதும். இந்திய அரசியலமைப்பின் முகப்புரையை ஆங்கிலத்தில் எடுத்துப் பாருங்கள். நீதி என்ற சொல்லைத் தொடர்ந்து சமூக, பொருளாதார, அரசியல் என்று மூன்று; நடுவில் கமா. பிறகு செமிகோலன். அடுத்து சுதந்திரம், அதற்குள் எண்ணம், வெளிப்பாடு, நம்பிக்கை, சமயம், வழிபாடு என்று ஐந்து. மறுபடி செமிகோலன். பிறகு சமத்துவம், அப்புறம் சகோதரத்துவம். எல்லா இடத்திலும் கமாவே இருந்தால் எது தலைப்பு, எது அதன் கிளை என்று குழம்பிப்போகும். பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பா வைக்கும் ஏற்பாடு இது. 1949 நவம்பர் 26-ல் ஏற்கப்பட்ட அந்த வாக்கியம் இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் அச்சாகிறது. அதற்குள் இருக்கும் செமிகோலன்களைக் காட்டிப் பாடம் நடத்திய ஆசிரியர் யாரையும் அவன் பார்த்ததில்லை.

சொத்துப் பத்திரங்களில் டப்பா மாறினால் தகராறுதான். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் அவனுக்கு மறக்காது. இளையவர் பங்கில் வீடு செமிகோலன், கடை செமிகோலன், காலிமனை கமா, கிணற்றில் பாதி பாத்தியதையுடன். அதாவது கிணற்று உரிமை காலிமனையோடு மட்டும் சேர்ந்தது. வரைவை நாலு கார்பன் வைத்து அடித்தான். கார்பனில் கீழே போகப்போக எழுத்து மங்கும் அல்லவா? கடைசி நகலில் செமிகோலனின் புள்ளி விழாமல் வால் மட்டும் விழுந்திருந்தது. வீடு கமா, கடை கமா, காலிமனை கமா, கிணற்றில் பாதி. அந்த நகல் போய்ச் சேர்ந்தது இளையவர் கையில். மூலப்பிரதியைப் படித்தவர் மூத்தவர். இரண்டு பேரும் ஒரே வரியைப் படித்துவிட்டு, கிணற்றடிக்கே போகாமல், வக்கீல் ஆபீஸ் படியில் நின்று சண்டை போட்டார்கள்.

நல்லவேளை, முத்திரைத்தாளில் ஏறும் முன்பே தெரிந்தது. அன்றிலிருந்து சீனியர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். நகல்களை எடுத்து, பேனாவால் ஒவ்வொரு செமிகோலனுக்கும் மேல்புள்ளி வைப்பார். மொட்டை மாடியில் அரிசி பொறுக்குகிற பொறுமையோடு. சுண்டுவிரலை இன்னும் கொஞ்சம் அழுத்து என்று அவனிடம் சொன்னதில்லை.

"கோர்ட்ல இதையெல்லாம் பார்ப்பாங்களா சார்?"

பார்க்காமலும் இருப்பார்கள் என்றார். அஸ்வினிகுமார் கோஷ் வழக்கில், 1952-லேயே, சட்டத்தைப் பொருள்கொள்ளும்போது நிறுத்தற்குறி ஒரு சிறிய அம்சம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். "எஜமான் இல்ல, வேலைக்காரன். ஆனா சாவியை வேலைக்காரன் எங்கே வெச்சான்னு தெரியாட்டி எஜமான் வாசல்லதான் நிக்கணும்."

நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணைக் கதையைச் சொன்னதும் அவர்தான். மின்சாரம் போன ஒரு மாலை, மெழுகுவத்தி வெளிச்சத்தில், வேறு வேலை ஓடாததால் சொன்னார். அவன் பிற்பாடு தேடிப் படித்துச் சரிபார்த்தான். அவர் சொன்னதில் ஒன்றும் மிகையில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நாஜித் தலைவர்களை விசாரிக்க அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் சேர்ந்து 1945 ஆகஸ்ட் 8-ல் லண்டனில் ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டன. அதன் 6-ஆம் பிரிவில் மூன்றாவது உட்பிரிவு, மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள். அந்த நீண்ட வரியின் முற்பாதி, போருக்கு முன்போ போரின்போதோ குடிமக்களைக் கொன்றது, அடிமைப்படுத்தியது, நாடு கடத்தியது முதலியவற்றைச் சொல்கிறது. பிற்பாதி, அரசியல், இன, மத அடிப்படையில் நடந்த கொடுமைகளைச் சொல்லி, அவை இந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வரும் வேறொரு குற்றத்தோடு தொடர்புள்ளதாக இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுகிறது. ஆங்கிலப் பிரதியிலும் பிரெஞ்சுப் பிரதியிலும் இரண்டு பாதிகளுக்கும் நடுவே செமிகோலன். ரஷ்யப் பிரதியில் அந்த இடத்தில் கமா.

என்ன வித்தியாசம்? செமிகோலன் இருந்தால் சுவர். நிபந்தனை பிற்பாதியோடு நின்றுவிடும். ஜெர்மனி தன் சொந்தக் குடிமக்களைப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் கொன்றதையும் தனியாகவே விசாரிக்கலாம். கமா என்றால் சுவர் இல்லை. நிபந்தனை முன்பக்கம் பாய்ந்து எல்லாவற்றையும் மூடும். போரோடு தொடர்பு காட்ட முடியாதது வெளியே போய்விடும். நான்கு நாடுகளின் பிரதிநிதிகள் மீண்டும் பெர்லினில் கூடி, 1945 அக்டோபர் 6-ல் ஒரு தனி உடன்படிக்கை எழுதினார்கள். ரஷ்யப் பிரதியே சரி, செமிகோலனை எடுத்துவிட்டு கமா போடுவது என்று முடிவு. அமெரிக்காவின் சார்பில் ராபர்ட் ஜாக்சன், சோவியத் சார்பில் ருதென்கோ கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டு தீர்ப்பு வந்தபோது, 1939-க்கு முன் நடந்தவற்றைப் பொதுவாக மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவிக்கத் தன்னால் முடியாது என்று நீதிமன்றம் கூறியது. ஒரு நிறுத்தற்குறிக்காக வல்லரசுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை இது.

மெழுகுவத்தி முடிந்தும் மின்சாரம் வரவில்லை. அன்று இரவு மண்ணடி அறையில் படுத்துக்கொண்டு தன் வலது சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்கு நினைவிருக்கிறது.

அதன்பிறகு கொஞ்ச காலம் அவனுக்குச் செமிகோலன் பைத்தியம் பிடித்தது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. அந்தக் குறியைப் பெற்ற ஊர் வெனிஸ் என்று படித்தான். ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சகக்காரர் 1496-ல் பியெத்ரோ பெம்போ என்ற இளைஞரின் சிறுநூலை வெளியிட்டார். எட்னா எரிமலையில் ஏறிய அனுபவத்தை மகன் தந்தைக்குச் சொல்லும் லத்தீன் உரையாடல். எழுத்துகளை வெட்டியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. கமாவின் தலையில் ஒரு புள்ளி, இன்று நமக்குத் தெரிந்த உருவத்திலும் வேலையிலும், அந்த அச்சகத்தில்தான் பிறந்தது. எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பிறந்த இடம் அவனுக்குப் பிடித்துப்போனது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சட்டத்துக்கே செமிகோலன் சட்டம் என்று பட்டப்பெயர் வந்த கதையும் கிடைத்தது. இரவு 11 மணிக்குமேல் மது விற்கக்கூடாது என்று ஒரு பகுதி, பிறகு செமிகோலன், ஞாயிறும் கூடாது ஆனால் விடுதிக்காரர் தம் விருந்தினருக்குக் கொடுக்கலாம் என்று மறுபகுதி. அந்த ‘ஆனால்’ இரவு 11 மணிக்கும் பொருந்தும் என்று விடுதிக்காரர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பொருந்தாது, அது செமிகோலனுக்கு அந்தப்பக்கம் என்று 1900-ல் நீதிமன்றம் சொன்னது. பாஸ்டன் நகரத்து உயர்தர விடுதிகளில் 11 மணிக்கு கிளாஸைப் பிடுங்கவேண்டியதாயிற்று. 1906-ல் நேரத்தை நள்ளிரவுவரை நீட்டிய பிறகே கோபம் தணிந்தது. சீனியரிடம் சொன்னான். சிரித்துவிட்டு, "கிணத்துத் தண்ணிக்கே அந்தப் பாடு" என்றார்.

பைத்தியத்தின் பக்கவிளைவு, எழுதியதிலெல்லாம் செமிகோலன். தங்கை கல்யாணத்துக்கு அடித்த ஆங்கிலப் பத்திரிகையில் இரண்டு. வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதத்தில் மூன்று. அதைத் தெளியவைத்தவர்கள் எழுத்தாளர்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1939-ல் வெளியான ‘கமிங் அப் ஃபார் ஏர்’ நாவலைச் செமிகோலனே இல்லாமல் எழுதினார். அது தேவையில்லாத குறி என்று அப்போது அவருக்குத் தோன்றியிருந்தது. அமெரிக்கர் கர்ட் வானெகட் இன்னும் ஒரு படி மேலே போய், கல்லூரிக்குப் போனவன் என்று காட்டிக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு பயனில்லை என்று பிற்காலத்தில் கேலி செய்தார். இதைப் படித்தபோது அவனுக்குச் சுருக்கென்றது. அவன் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மாதம் 15 ரூபாய்க்குக் கிடைத்த செமிகோலன் அது.

வானெகட் சொன்னது தவறு என்று காட்ட அவனிடம் ஒரு சாட்சி இருக்கிறது. 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம். கையில் தாள் இல்லாமல் செய்தித்தாளின் ஓரங்களில் தொடங்கியது. கறுப்பர்கள் அவசரப்படாமல் காத்திருக்கலாமே என்று அறிவுரை சொன்ன மதகுருமார்களுக்குப் பதில். அதில் 300 வார்த்தைகளைத் தாண்டும் ஒரே வாக்கியம் வருகிறது. கும்பல் கொலைகள், போலீசின் வசவு, கேளிக்கைப் பூங்கா கறுப்புக் குழந்தைகளுக்கு இல்லை என்று ஆறு வயது மகளிடம் சொல்லமுடியாமல் நாக்கு குழறுவது, பயணத்தில் தங்க இடம் தராத விடுதிகள். ஒவ்வொன்றின் முடிவிலும் செமிகோலன். முற்றுப்புள்ளி வராது. இந்த நிலையில் நாங்கள் காத்திருப்பது ஏன் கடினம் என்று அப்போது புரியும் என்று கடைசியில்தான் வாக்கியம் தரையிறங்குகிறது. காத்திருக்கச் சொன்னவர்களை ஒரு வாக்கியம் முழுக்கக் காத்திருக்கவைக்கிறார் கிங். உள்ளங்கைச் சோதனை இங்கே தோற்கும். இந்தத் துண்டுகள் எதுவும் தனியாக நிற்காது. ஆனால் பட்டியலின் விதிப்படி சரி, துண்டுகள் சிலவற்றுக்குள் கமாக்கள் இருக்கின்றன. சட்டம் தெரிந்த சீனியரும் இதைத்தான் பாராட்டியிருப்பார். அவன் படித்துச் சொல்லும் முன் அவர் போய்விட்டார்.

தனக்கென்று அவன் கடைசியில் வைத்துக்கொண்ட வழக்கம் எளியது. ஒரு பக்கத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ‘ஏனென்றால்’ என்றோ ‘ஆனாலும்’ என்றோ எழுதிக் காரணத்தைக் கையில் திணிக்காமல், படிப்பவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட விரும்பும் இடத்தில் மட்டும். அப்பா இறந்தார்; அம்மா ரேடியோவை விற்றாள். ஏன் விற்றாள் என்பதைச் செமிகோலன் சொல்லாது. சம்பந்தம் உண்டு என்று மட்டும் கண்ணைக் காட்டும்.

அவன் மகள் சாஃப்ட்வேர் எழுதுகிறவள். சி, ஜாவா இரண்டிலும் பெரும்பாலான கட்டளைகள் செமிகோலனில் முடியவேண்டும். "எங்களுக்கு அதுதாம்ப்பா முற்றுப்புள்ளி" என்கிறாள். கிரேக்க மொழியின் கேள்விக்குறியும் பார்க்க அச்சு அசல் செமிகோலன்தான்; அதை யாராவது ஒருவனுடைய புரோகிராமில் மாற்றி வைத்துவிட்டால் அவன் நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்வான் என்பது அவர்கள் ஆபீஸ் நகைச்சுவையாம். அவனுக்குக் கார்பன் நகல் நினைவு வந்தது.

செல்போனில் செமிகோலனைக் காண இரண்டாம் பக்கத்துக்குப் போகவேண்டும். கம்ப்யூட்டரில் அது இன்னும் அதே இடத்தில், வலது சுண்டுவிரலுக்குக் கீழேயே இருக்கிறது. இந்தக் கட்டுரையை அவன் அடிப்பது தமிழ்நாடு அரசு 1999-ல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில். அதில் அந்த விசையைத் தட்டினால் விழுவது ‘ந’. ‘நான்’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்க வேண்டுமானால் முதல் எழுத்து அந்த விரலிலிருந்துதான் வரவேண்டும்.